நானே ஆனாலும் மாற்ற முடியாது

செப்டம்பர் 4, வியாழன்

குடிநீர் வரவில்லை. வால்வு திறப்பவர் போனை எடுக்கவில்லை. மூட்டுவலித் தைலம் தீர்ந்துவிட்டது.

மகள் கோமதி இன்று ஒரு பேச்சை எடுத்தாள். என் எழுத்துமாற்றியின் உரிமத்தை மாற்ற வேண்டுமாம்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு அச்சகமும் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு வைத்திருந்தது. அந்தக் கோப்புகளை இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால் விசைப்பலகை மேல் பூனை நடந்ததுபோல் இருக்கும். அதை வாசிக்கத் தக்க தமிழாக மாற்றித் தரும் மென்பொருள் என்னுடையது. கோவில்பட்டியில் டிடிபி சென்டர் நடத்திக்கொண்டே, பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு புத்தகத்தையும் அகராதியையும் வைத்துக்கொண்டு நானே கற்று எழுதியது. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத்தான் வைத்திருக்கிறேன்.

உரிமமும் நானே எழுதியதுதான். இதே ஊரில் ஒருவருக்கு நம்பி ஒரு பிரதி கொடுத்தேன். சோலைமலை என்ற என் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டு மதுரையில் விற்றார். அவர் பெயரை இந்த நோட்டில் எழுத மாட்டேன். உரிமத்தில் எழுதியிருக்கிறேன், தகப்பனார் பெயர், கதவு எண்ணோடு. அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் அனுமதி இல்லை. யாரும் விற்கக் கூடாது. என் பெயரும் உழைத்தவர்கள் பெயரும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கடைசி வரி: இவ்விதிகளை எவரும், நானே ஆனாலும், மாற்ற முடியாது.

"இதைப் பாத்தா எந்தக் கம்பெனி வக்கீலும் தலைதெறிக்க ஓடிருவான்ப்பா" என்றாள் கோமதி.

"ஓடட்டும். அதுக்குத்தான் எழுதுனேன்."

சென்னையில் ஒரு கம்பெனி நூலகங்களின் பழைய பத்திரிகைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறதாம். அவர்களுக்கு இந்த மாற்றி வேண்டும். இதைப் பராமரிக்க ஆளும் வேண்டும். உலகம் ஒப்புக்கொண்ட திறமூல (ஓபன் சோர்ஸ்) உரிமம் ஏதாவது ஒன்று இருந்தால் மாற்றியையும் எடுத்துக்கொண்டு கோமதிக்கு வேலையும் தருவார்களாம். முகப்பு, வேகம், போனில் இயங்குவது எல்லாம் இந்த இரண்டு வருடத்தில் அவள் எழுதியது. பழைய எழுத்துருவின் எந்தக் குறி எந்தத் தமிழ் எழுத்து என்று சொல்லும் எழுத்து அட்டவணைகள் மட்டும் என்னுடையவை. அந்தப் பக்கம் அவளைக் கை வைக்க விட்டதில்லை.

மாப்பிள்ளைக்கு ஹைதராபாத்தில் வேலை அதிகம் என்பதால் அவள் இங்கே இருக்கிறாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மறுபடியும் அதே பேச்சு. இட்லி ஆறிவிட்டது.

"இத்தனை வருசம் என்ன பண்ணுனீங்கன்னு ஒவ்வொரு இன்டர்வியூலயும் கேக்காங்கப்பா. குடும்பம் நடத்துனேன்னு சொன்னா மூஞ்சி மாறிருது. இவங்க மட்டும் அதைக் கேக்கல. நான் எழுதுனதை வரி வரியாப் படிச்சிட்டு வந்து, இந்த இடத்தை ஏன் இப்படி எழுதுனீங்கன்னு கேட்டாங்க."

"ஊரே சும்மா எடுத்துட்டுப் போனா உனக்கு என்ன மிஞ்சும்?"

"எடுத்துட்டுப் போனாத்தான் எம்பேரும் கூடப் போகும். பத்து இடத்துல ஓடுதுன்னு காட்டலாம். அதுதான் இப்ப சர்டிபிகேட். பூட்டி வச்சா யாரு பாப்பா?"

அடுக்களையிலிருந்து என் மனைவி செண்பகம்: "இருவது வருசமா பூட்டை மட்டும் நல்லாத் தொடச்சு வச்சிருக்காரு."

நான் எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் 9

தண்ணீர் வந்தது. கலங்கல்.

செப்டம்பர் 12, வெள்ளி

யாரோ சொன்னார்கள் என்று எதையும் ஒதுக்கும் ஆள் இல்லை நான். உரிமங்களை எல்லாம் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாளாகப் படித்தேன்.

எம்.ஐ.டி உரிமம் என்று ஒன்று. எடுத்துக்கொள், மாற்று, விற்றுக்கொள், பெயர்க் குறிப்பை மட்டும் நீக்காதே, கெட்டுப்போனால் என்னைக் கேட்காதே. அவ்வளவுதான். சைக்கிள் ஸ்டாண்டு டோக்கனில் இதைவிட அதிக விதிகள் இருக்கும். இன்னொன்று ஜி.பி.எல். எடுத்துக்கொள், விற்கவும் செய், ஆனால் நீ மாற்றி வெளியே கொடுத்தால் மாற்றியதையும் திறந்து கொடு என்கிறது. நீளமாக, கோபமாக இருக்கிறது. எழுதியவருக்கு எங்கோ அடி விழுந்திருக்க வேண்டும். பிடித்திருந்தது.

ஜி.பி.எல். என்றால் யோசிக்கலாம் என்றேன். அதுவே நான் இறங்கி வந்தது.

கோமதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். கம்பெனிக்காரர்கள் இதைத் தங்கள் சொந்த மென்பொருளோடு சேர்க்கப் போகிறார்களாம். அதைத் திறந்து காட்ட மாட்டார்களாம். எம்.ஐ.டி போன்றது என்றால்தான் எடுப்பார்களாம்.

"அப்ப நாம மட்டும் கதவைத் திறந்து வைக்கணும். அவன் தாழ்ப்பாள் போட்டுக்கிடுவான்."

"ஆமாப்பா. அவங்க தாழ்ப்பாள் போட்டாலும் நம்ம கதவு திறந்தேதான் இருக்கும். யாரும் வரலாம்."

முடியாது என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் நான் ஒருமுறைதான் சொல்வேன்.

செப்டம்பர் 19

அவள் என்னோடு பேசுவதில்லை என்றில்லை. கேட்டால் பதில் சொல்கிறாள்.

செப்டம்பர் 24, புதன்

கோமதி பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். பொழுது போக்கிற்காக.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். பொரி, கடலை. கடையில் இன்று கூட்டம் என்று கோமதிக்கு விடுப்பு இல்லை. அவளுடைய மடிக்கணினிக்கும் ஒரு பொட்டு வைத்தேன். வந்து பார்த்தாள், துடைக்கவில்லை.

அக்டோபர் 4, சனி

பெருங்காயம் வாங்க வேண்டியிருந்தது. எந்தக் கடையிலும் வாங்கியிருக்கலாம். அந்தப் பக்கம் போனதால் அங்கே நுழைந்தேன்.

கோமதி மூன்றாவது கவுண்டரில் இருந்தாள். பச்சைச் சட்டை, கழுத்தில் அட்டை. பின்னால் ஒரு மேற்பார்வையாளன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மீசை சரியாக முளைக்கவில்லை. வேறு கவுண்டருக்குப் போயிருக்கலாம்தான். வரிசை என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

பெருங்காய டப்பாவை எடுத்துக் கருவியில் காட்டினாள்.

"பை வேணுமா சார்?"

சட்டைப் பையில் பணத்தைத் தேடினேன்.

"கேஷா, கார்டா சார்?"

"கோமதி" என்றேன்.

மேற்பார்வையாளன் பார்த்தான். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "பின்னால ஆள் நிக்காங்க சார்" என்றாள்.

பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பெருங்காயத்தை அங்கேயே வைத்துவிட்டேன் போலிருக்கிறது. இரவு அவளே கொண்டுவந்து அடுக்களையில் வைத்தாள். ரசம் நன்றாக இருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் கோமதியிடம், எம்.ஐ.டி உரிமமே போட்டுக்கொள் என்றேன். மறுபடி படித்துப் பார்த்ததில் அது அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது. வேறு காரணம் இல்லை.

அவள் உடனே சந்தோஷப்படவில்லை. "உங்க ஒருத்தர் சம்மதம் மட்டும் போதாதுப்பா. இதுக்கு எழுதிக் கொடுத்த எல்லாரும் சரின்னு சொல்லணும். உங்க விதியை நம்பித்தான கொடுத்தாங்க? அவங்க எழுதுனது அவங்களுக்குத்தான் சொந்தம்."

உழைத்துக் கொடுத்தவர்கள் மூன்று பேர். யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், சங்கரன்கோவிலில் என் சிநேகிதன் திருமலைக்கொழுந்து. முதல் இருவரும் இன்றே சரி என்று பதில் போட்டுவிட்டார்கள்.

கொழுந்து பற்றி எனக்குக் கவலையே இல்லை. நான் சொன்னால் கிணற்றில் குதிப்பான்.

அக்டோபர் 12, ஞாயிறு

சங்கரன்கோவில் போய் வந்தேன்.

திருமலைக்கொழுந்து என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். காலமெல்லாம் அச்சகங்களில் பிழை திருத்தியவன். கம்ப்யூட்டரைத் தொட மாட்டான். ஆனால் எந்த அச்சகத்து எழுத்துரு எப்படிக் கெடும் என்று அவனுக்குத் தெரியும். வருடக்கணக்காக அவன் போனில் சொல்லச் சொல்ல நான் அட்டவணையில் அடித்தேன். எது அவன் சொன்னது, எது நானாக எழுதியது என்று குறித்து வைக்கவில்லை. அப்போது அதற்குத் தேவை இருந்ததாகத் தெரியவில்லை.

"வாங்க அண்ணாச்சி! மழையே வந்த மாதிரில்லா இருக்கு" என்று வாசலுக்கே வந்துவிட்டான்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் என் உரிமம். லேமினேஷன் போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறான்.

சென்னையில் ஒரு கம்பெனி கேட்கிறது, உரிமத்தை மாற்ற உன் கையெழுத்து வேண்டும் என்றேன். சிரித்தான்.

"என்ன அண்ணாச்சி, சோதிச்சுப் பாக்கீங்களா?"

"இல்லடே. நெசமாத்தான்."

"கம்பெனிக்காரன் கேக்கத்தான் செய்வான். சும்மா வாங்கிட்டுப் போயி நாளைக்கு அந்த நூலகத்துக்கே வித்துருவான். இது யாரு பேச்சு? உங்க பேச்சு. நான் மனப்பாடமா வச்சிருக்கேன்."

"பேரு இருக்கும்டே. நீக்கக் கூடாதுன்னு அதுலயும் இருக்கு."

"எங்க இருக்கும்? அடியில, எறும்பு ஊர்ற மாதிரி. அண்ணாச்சி, நாப்பது வருசம் ப்ரூஃப் பாத்தேன். ஒரு புஸ்தகத்துலயும் எம்பேரு கிடையாது. தப்பு வந்தா மட்டும் எம்பேரைச் சொல்லிக் கூப்பிடுவானுவ. முதல் பக்கத்துல, பெரிய எழுத்துல, எவனும் அழிக்க முடியாமப் போட்டது நீங்க ஒருத்தர்தான்." சுவரைக் காட்டினான். "நானே ஆனாலும்னு எழுதியிருக்கீங்க பாருங்க. அந்த வரியை வாசிச்சிட்டுத்தான் எல்லாத்தையும் உங்ககிட்ட கொடுத்தேன்."

நான் எழுதிய தமிழ்தான். ஓட்டை எதுவும் இல்லாமல்தான் எழுதியிருக்கிறேன்.

அவன் மனைவி காபி கொண்டுவந்தாள். "கோமதி எப்படி இருக்கா? மாப்பிள்ளை சௌக்கியமா?" என்று கேட்டாள்.

"சௌக்கியம். தீபாவளிக்கு வந்திருக்கா."

"வேற எதுவும் விசேசமா அண்ணாச்சி?" என்றான் கொழுந்து. "முகம் ஒரு மாதிரியா இருக்கே."

"பஸ்ஸுல வந்த களைப்பு" என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

"என் விசயத்தை அவர்ட்ட சொன்னீங்களாப்பா?" என்று கேட்டாள் கோமதி.

சொன்னேன் என்றேன்.

"சொல்லியுமா மாட்டேன்னுட்டாரு?"

பிடிவாதக்காரன் என்றேன். செண்பகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவருக்கு எடுத்த வேட்டியை அலமாரியில் வைக்கச் சொன்னேன்.

கோமதி அதைப் பிடுங்கிக்கொண்டாள். "போன வருச வேட்டியும் அங்கதான் கெடக்கு. அவரு வர மாட்டாருப்பா. உங்களுக்கும் தெரியும். கோர்ட்டு பேப்பர் வந்தன்னைக்குக் கையெழுத்துப் போட்டு வாங்குனதே நீங்கதான்."

நல்ல நாளில் எதற்கு இந்தப் பேச்சு என்றேன். வேட்டியை நான் கட்டிக்கொண்டேன். நீளம் அதிகம்.

அக்டோபர் 23, வியாழன்

கோமதி முடிவு செய்துவிட்டாள். என் அட்டவணையை முழுவதும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதப் போகிறாள். கார்த்திகை வரை பொறுக்கிறோம் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. பழைய கோப்புகளும் அதே பக்கங்களின் அச்சுப் பிரதிகளும் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒவ்வொரு எழுத்தாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

"எதுக்கு இந்தப் பாடு? என்கிட்ட கேளு, சொல்லித் தாரேன்."

"கேக்கவே கூடாதுப்பா. நீங்க ஒரு வார்த்தை சொன்னாலும் அது கொழுந்து மாமா சொன்னதா இருக்கலாம். அப்புறம் இதுவும் அவரு சம்மதம் இல்லாம எடுத்ததா ஆயிரும். அட்டவணைப் பக்கமே நீங்க என்னை விட்டதில்ல பாருங்க, அதுவே நல்லதாப் போச்சு. நான் ஒரு வரிகூடப் பாத்ததில்ல. சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்."

நான் போட்ட தடை அவளுக்கு உதவுகிறது. சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

கடைக்குப் போகும் முன்பும் வந்த பிறகும் முன்னறையில் உட்கார்ந்து வேலை செய்கிறாள். நான் உள்ளே போகக் கூடாது. பேப்பரைப் பின்கட்டில் உட்கார்ந்து படிக்கிறேன். வெளிச்சம் போதவில்லை.

அக்டோபர் 29

தண்ணீர் மோட்டாரின் காயில் கம்பி கருகிவிட்டது. ஆள் வந்து கழற்றிக்கொண்டு போனான். அவனிடம் இரண்டு யோசனை சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

நவம்பர் 3, திங்கள்

கோமதி ஒரு கோப்பில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். வார்த்தைகள் நடுவில் பிளந்துபோய் வருகின்றன. வரியின் ஓரத்தில் மட்டும், அதுவும் சில பக்கங்களில் மட்டும். "ஏன் இங்க மட்டும்? ஏன் இங்க மட்டும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வது பின்கட்டு வரை கேட்கிறது.

எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் பத்தியின் வலது ஓரம் நேராக நிற்பதற்காக டிடிபி ஆட்கள் வார்த்தைக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியைச் செருகுவோம். காகிதத்தில் தெரியாது. கோப்பில் கிடக்கும். அதை முதலில் சலித்து எடுத்துவிட்டால் போதும். ஒரு வரி வேலை.

இது கொழுந்து போனில் சொன்னதா, என் கை பழகியதா? அந்த இடைவெளியை நானே ஆயிரம் முறை செருகியிருக்கிறேன். ஆனால் மாற்றி இதனால்தான் தடுக்குகிறது என்று முதலில் கண்டது யார்? சாயங்காலம் முழுவதும் யோசித்தேன். அவன் குரலிலும் கேட்கிறது, என் குரலிலும் கேட்கிறது. இருபது வருடமாக என்னுடையது, என்னுடையது என்று சொல்லி வந்திருக்கிறேன்.

செண்பகம் கேட்டாள்: "என்ன, வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க? பல்லு வலியா?"

ஆமாம் என்றேன். கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாள். மென்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கொழுந்து போன் செய்தான். எடுத்தவுடன் அழுகிறானா கத்துகிறானா என்று புரியவில்லை.

"ஏன் அண்ணாச்சி இப்படிப் பண்ணுனீங்க? அண்ணி நேத்து எங்க வீட்டுக்காரிட்ட போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. கோமதி ரெண்டு வருசமா வாழாம வந்து இருக்காளாமே. இந்த வேலை அவளுக்காமே. அன்னைக்கு எம்முன்னால உக்காந்து காபி குடிச்சிட்டு, கம்பெனி கேக்குங்கீங்க. கம்பெனி எனக்கு யாரு? எம்பிள்ளை கேக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ஆணியைப் பிடுங்கியிருக்க மாட்டேனா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க. இப்பவே பஸ் ஏறுதேன்."

முன்னறை வாசலில் நின்று கோமதியிடம் சொன்னேன். உள்ளே காலை வைக்கவில்லை. அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

"சொன்னேன்னு சொன்னீங்களேப்பா."

தண்ணீர் லாரி சத்தம் கேட்டது. செண்பகம் குடத்தோடு ஓடினாள்.

"மாமாவுக்குக் கோவம் இல்லன்னு சொல்லுங்க. ஆனா இப்ப வேண்டாம். முக்காவாசி முடிச்சிட்டேன். இதுல எது யாரோடதுன்னு யாரும் என்கிட்ட கேக்க முடியாது. எனக்கு அது வேணும்ப்பா."

கொழுந்துவிடம் வேண்டாமாம் என்றேன். சரி என்று வைத்துவிட்டான். சுவரில் இருந்ததை எடுத்தானா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

நவம்பர் 22, சனி

வெளியிட்டுவிட்டாள். இணையத்தில் எனக்குத் திறந்து காட்டினாள். புதுப் பெயர். எம்.ஐ.டி உரிமம். பதிப்புரிமை: கோமதி.

செண்பகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் தேடினாள். "உங்கப்பா பேரு எங்கட்டி?"

"இருக்கக் கூடாதும்மா."

"இருக்கக் கூடாது" என்று நானும் சொன்னேன். இருந்தால் நான் கை வைத்ததாகிவிடும். செண்பகத்துக்கு இதை விளக்கப் பத்து நிமிடம் ஆனது. கடைசியில், "என்னமோ போங்க, ரெண்டு பேருமாச் சேந்து" என்று போய்விட்டாள்.

நவம்பர் 26

கம்பெனி அழைத்துவிட்டது. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்களாம். பச்சைச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கடையில் ஒப்படைத்தாள்.

நவம்பர் 30, ஞாயிறு

கோமதி சென்னைக்கு ரயில் ஏறினாள். பெட்டியை நான் தூக்கினேன். மூட்டு வலிக்கும் என்று பிடுங்கிக்கொண்டாள். தயிர்சாதப் பொட்டலத்தை மட்டும் கொடுத்தாள், ரயில் வரும் வரை பிளாட்பாரத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் இனிமே அதைப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"நல்லாப் பாருங்க. யாரு வேணும்னாலும் பயன்படுத்தலாம்ப்பா. குறை இருந்தா எல்லாரையும் போல அதுல எழுதுங்க."

ரயில் போன பிறகு யாரோ சொல்லித்தான் கவனித்தேன், பொட்டலம் என் கையிலேயே இருந்தது.

டிசம்பர் 4, வியாழன்

நேற்று திருக்கார்த்திகை. விளக்குகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாயிற்று. முன்னறை காலியாக இருக்கிறது. மறுபடி அங்கேயே பேப்பர் படிக்கலாம்.

அவள் எழுதியதைத் திறந்தேன். பழைய டிடிபி கோப்பு ஒன்றை மாற்றிப் பார்க்கலாம் என்று தேடியதில் முதலில் கோமதியின் கல்யாணப் பத்திரிகைதான் வந்தது. அதை விட்டுவிட்டு அடுத்ததைத் திறந்தேன். ஏதோ சங்கத்தின் ஆண்டறிக்கை. வேகமாக மாற்றியது. என்னுடையதைவிட வேகம். படித்துக்கொண்டே போனேன். நான்காம் பக்கத்தில் வலது ஓரத்தில் ஒரு வார்த்தை நடுவில் பிளந்திருந்தது. கீழே இன்னொன்று. அவள் அதைக் கண்டுபிடிக்காமலே போயிருக்கிறாள்.

குறை தெரிவிக்க ஓர் இடம் வைத்திருக்கிறாள். என்ன குறை, எந்தக் கோப்பில், தீர்வு தெரிந்தால் எழுதவும் என்று மூன்று கட்டங்கள். முதல் இரண்டையும் நிரப்பினேன். மூன்றாவதில் கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது. ஒரு வரிதான். யாருடையது என்றுதான் தெரியாது. விரலை எடுத்துக்கொண்டேன்.

அனுப்பினேன். இதுவரை வேறு யாரும் எழுதவில்லை. பக்கம் ஒருமுறை வெளுத்து மறுபடி வந்தது.

குறை எண் 1. தெரிவித்தவர்: சோலைமலை, கோவில்பட்டி.

பெரிய எழுத்து இல்லை. ஆனால் முதல் வரியில் இருக்கிறது.